புட்டிக்கும் குலமுண்டோ?

மீஞ்சூர் தொடர்வண்டி நிலையத்தில், கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு காலைப் பொழுதில் தம்பி ஒருவன் என்னிடம் வந்து நின்றான். பொறியியல் பட்டயம் பெற்றவன். கணக்கிலே கெட்டி. எந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோய் இன்னதென்று சொல்லக்கூடியவன். முதல் நாள், ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பியிருந்தான். முகத்திலே மலர்ச்சி இல்லை.

"கேள்விகள் கடினமோ, தம்பி?" என்றேன்.

"இல்லை அண்ணா. எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்கள். விடை தெரிந்திருந்தும் நா எழவில்லை."

"அப்படி என்ன கேட்டார்கள்?"

"மீஞ்சூர் என்று எழுதியிருக்கிறாயே, மீஞ்சூரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு?"

கேட்டீர்களா, தோழர்களே! எந்திரம் ஓட்ட வந்தவனிடம் எந்தத் தெரு என்கிறார்கள்! முகவரி கேட்டார்கள், அதிலென்ன பிழை என்பீர்கள். முகவரிதான் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே இருக்கிறதே! வேண்டியிருந்தது முகவரியன்று, முகவரிக்குள்ளே ஒளிந்திருக்கும் மற்றொன்று. அதைப் பெயர் சொல்லிக் கேட்டால் சட்டம் சீறும். தெருவைக் கேட்டால் சட்டம் தூங்கும். கேட்பவரும் அறிவார், கேட்கப்படுபவனும் அறிவான். தெரு என்பது ஒரு சீட்டு. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போல.

புட்டி என்று ஏன் சொன்னேன் தெரியுமா? அன்றிரவு நான் படித்துக்கொண்டிருந்தது பிரெஞ்சு நாட்டுத் திராட்சை மது ஒன்றின் வரலாறு. முகம் சுளிக்காதீர். மதுவுக்கு மாலை சூட்ட வந்தவனல்லன் நான். குடியால் கெட்ட குடிகளை இந்தத் தொழிற்பேட்டைச் சாலைகளில் நாள்தோறும் காண்பவன். அந்த மதுவை ஒரு துளியும் சுவைத்ததில்லை. சுவைக்கும் விருப்பமும் இல்லை. விருப்பம் எழுந்தாலும் ஒரு புட்டியின் விலைக்கு என் பல மாதச் சம்பளத்தை எடுத்து வைக்கவேண்டும். ஆயினும் அதன் கதையில், மீஞ்சூர் நிலையத்து மேடையில் நின்ற தம்பியின் கேள்விக்கு ஒரு வழி தென்பட்டது.

மதுவின் பெயர் ஷாத்தோ மார்கோ. ஷாத்தோ என்றால் மாளிகை. பிரான்சின் தென்மேற்கே போர்தோ நகருக்கு வடக்கில், சிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில், மெதோக் வட்டாரத்தில் மார்கோ என்றோர் ஊர். அங்கே தூண்கள் நின்றொளிரும் மாளிகை, அதற்கு இட்டுச் செல்லும் மரவரிசை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். செந்திராட்சை மட்டும் ஏறத்தாழ 80 எக்டேரில் பயிராகிறது. அதன் மதுவைப் புகழாத செல்வச் சீமான் இல்லை. செல்வரை எதிர்த்துப் போர்முரசு கொட்டியவருங்கூட மயங்கியதுண்டு. மார்க்சின் மகள் ஜென்னி, நண்பர்களிடம் கேள்விகள் கேட்டுத் தம் குறிப்பேட்டில் விடை எழுதி வாங்குவார். இன்பம் என்று எதைக் கருதுகிறீர் என்ற கேள்விக்கு 1868இல் எங்கெல்ஸ் எழுதிய விடை: 1848ஆம் ஆண்டு விளைச்சலின் ஷாத்தோ மார்கோ! உலகத் தொழிலாளரை ஒன்றுசேர அழைத்த அறிக்கை வெளிவந்ததும் அதே 1848இல்தான். நகைச்சுவை அறிந்த மனிதர்.

இனி, அந்தப் புட்டிக்குக் குலம் வந்த கதையைக் கேளுங்கள்.

1790இல் பிரெஞ்சுப் புரட்சியாளர் பரம்பரைப் பிரபுப் பட்டங்களை ஒழித்தனர். பிறப்பால் உயர்ந்தோன் எவனுமில்லை என்று முழங்கிய நாடு அது. மார்கோ பண்ணையும் பறிமுதலாயிற்று. ஆனால், அறுபத்தைந்து ஆண்டுகளுக்குள், மனிதரிடமிருந்து பிடுங்கிய பிரபுப் பட்டத்தைப் புட்டிகளுக்குச் சூட்டியது அதே நாடு! 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிசில் பெரும் பொருட்காட்சி ஒன்றை நடத்தினான். போர்தோவின் மதுவகைகளை அங்கே வரிசைப்படுத்தி வைக்க வேண்டும் என்று அந்நகர வணிகர் மன்றம் தரகர்களைக் கேட்டது. ஏப்ரல் 18ஆம் நாள் தரகர்கள் பட்டியல் தந்தனர். மெதோக் பண்ணைகள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஐந்து வகுப்பு! நமக்குப் பழக்கமான கணக்கு அல்லவா, நால் வருணமும் அவற்றுக்குப் புறத்தே ஒன்றுமாக? முதல் வகுப்பில் நான்கே பெயர்கள்: லாஃபித், லாத்தூர், மார்கோ, ஓ பிரியோன். இவற்றுள் ஓ பிரியோன் மெதோக்கில் இல்லை. ஆயினும் புகழ் கருதிச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய இடம் என்றால் விதியும் வளைந்து கொடுக்கும் போலும்.

தரகர்கள் எந்த அளவுகோல் கொண்டு அளந்தார்கள்? விலை. பல்லாண்டுகளாக எந்த மது மிகுந்த விலைக்குப் போயிற்றோ அது முதல் வகுப்பு. சரி, விலை ஏன் மிகுந்தது? தரம் உயர்ந்ததால், என்றார்கள். இருக்கலாம், 1855இல். பட்டியல் வந்த பிறகு? முதல் வகுப்பென்பதால் விலை கூடியது. விலை கூடியதால் முதல் வகுப்பென்பது மெய்யாயிற்று. அவர் ஏன் உயர்ந்தவர், எல்லாரும் வணங்குகிறார்கள். ஏன் வணங்குகிறார்கள், அவர் உயர்ந்தவராயிற்றே! செக்குமாடு சுற்றுவது போன்ற இந்த வாதத்தை நாம் நம் ஊரில் நன்றாகவே கேட்டிருக்கிறோம்.

ஒரு பொருட்காட்சிக்காக எழுதிய பட்டியல், காட்சி முடிந்ததும் கிழித்தெறிய வேண்டியது. கிழிக்கவில்லை. தொடக்கத்திலேயே ஒரு பண்ணையைச் சேர்த்ததைத் தவிர்த்தால், அன்று முதல் இன்று வரை ஒரே ஒரு பெரிய மாற்றம்: இரண்டாம் வகுப்பிலிருந்த மூத்தோன் ரோத்ஷீல்ட், அதன் உரிமையாளர் பல பத்தாண்டுகள் போராடியதன் பயனாக, 1973இல் முதல் வகுப்புக்கு ஏற்றப்பட்டது. ஆணையில் ஒப்பமிட்ட வேளாண் அமைச்சர் ழாக் சிராக், பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஏறியது ஒன்று. இறங்கியது? ஒன்றுமில்லை! ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு பண்ணைகூடத் தாழவில்லையாம். மழை பொய்த்தாலும், மருந்து பொய்த்தாலும், உரிமையாளர் உறங்கினாலும், குலம் மட்டும் குன்றவே இல்லை.

இங்கேதான் மார்கோவின் கதை எனக்குப் பிடித்துப்போயிற்று. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் மார்கோவின் மது பெயருக்கேற்ப அமையவில்லை. ஆண்டுக்கு ஆண்டு தரம் தளர்ந்தது என்பதை மது அறிந்தோரே ஒப்புக்கொள்கின்றனர். 1970களின் நடுவில் போர்தோ மதுவின் விலை சரிந்தது. பண்ணையை வைத்திருந்த குடும்பம் விற்க முற்பட்டது. அமெரிக்கக் குழுமம் ஒன்று வாங்க வந்தது. பிரெஞ்சு அரசு தடுத்தது. நாட்டின் பெருமை அயலான் கைக்குப் போகலாகாதாம். 1977இல் வாங்கியவர் யார் தெரியுமா? ஆந்திரே மென்ட்ஸெலோபூலோஸ். கிரேக்க நாட்டிலே பிறந்தவர். தானிய வணிகம் செய்து, பிறகு பிரான்சில் மளிகைக் கடைத் தொடர் ஒன்றை வாங்கி நடத்தியவர். அயலான், அதிலும் மளிகைக்காரன்! போர்தோவின் பழங்குடிப் பிரபுக்கள் மூக்கின் நுனியை உயர்த்தியிருப்பார்கள்.

அந்த மளிகைக்காரர் என்ன செய்தார்? நிலத்தில் வடிகால் வெட்டினார். நலிந்த கொடிகளை மாற்றி நட்டார். எமீல் பெய்னோ என்னும் மதுவியல் அறிஞரை அழைத்து அறிவுரை கேட்டார். முதல் தரத்துக்குத் தேறாத மதுவை முதல் பெயரில் அடைக்காமல், இரண்டாம் பெயரில் விற்கும் முறையை மீண்டும் கொணர்ந்தார். 1978ஆம் ஆண்டு விளைச்சலிலேயே மார்கோ மறுபடி மார்கோ ஆயிற்று. 1980இல் அவர் மறைந்தார். மகள் கொரின் பொறுப்பேற்றுத் தொடர்ந்தார். குலப்பெருமை காத்தது யார்? பட்டியலா? வடிகால் வெட்டிய மண்வெட்டியும், இது தேறாது என்று தன் விளைச்சலையே தள்ளி வைத்த நேர்மையுமா? பட்டியல், கெட்ட ஆண்டுகளிலும் நல்ல ஆண்டுகளிலும் ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தது. எந்நேரமும் ஒரே மணியைக் காட்டும் கடிகாரம் நாளுக்கு இருமுறை சரியாக இருக்கும். அதற்காக அதைக் கைக்கடிகாரமாகக் கட்டிக்கொள்வோமா?

சீட்டைப் பார்த்தே சுவைக்கிறது நாக்கு. இது என் கற்பனையன்று. போர்தோவிலேயே புரோஷே என்னும் ஆய்வாளர், ஒரே மதுவை ஒருமுறை எளிய புட்டியிலும் மறுமுறை உயர்குலப் புட்டியிலும் இட்டுத் தேர்ந்த சுவைஞரிடம் கொடுத்தார். முதலதை மெலிந்தது, சப்பென்றிருக்கிறது என்றோர், இரண்டாவதை ஆழமுடையது, நயமுடையது என்றார்கள். அவரும் அவருடைய தோழர்களும் 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மதுவியல் பயிலும் மாணவர் 54 பேருக்கு வெள்ளை மதுவிலே நிறமேற்றிக் கொடுத்தனர். அவர்கள் அதன் மணத்தை விவரித்த சொற்கள் சிவப்பு மதுவுக்கே உரிய சொற்கள்! 2008இல் கலிபோர்னியாவில் வேறு சிலர் ஒரே மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் விலை சொல்லிக் கொடுத்து, அருந்துவோரின் மூளையைக் கருவியால் படம்பிடித்தனர். விலை உயர்ந்தபோது, இன்பத்தை உணரும் பகுதி மிகுதியாகக் கிளர்ந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, தோழர்களே. உண்மையாகவே மிகுதியாகச் சுவைத்திருக்கிறார்கள். அச்சம் தருவது அதுதான். சாதி பார்ப்பவனும் பொய் சொல்வதில்லை. இவனைக் கண்டால் மதிப்புத் தோன்றுகிறது, அவனைக் கண்டால் தோன்றவில்லை என்கிறான். உண்மையாகவே தோன்றுகிறது, உண்மையாகவே தோன்றவில்லை. சீட்டு அவன் கண்ணில் ஒட்டியிருக்கவில்லை, மூளைக்குள்ளே ஒட்டியிருக்கிறது.

சீட்டை மறைத்தால்? 1976 மே 24ஆம் நாள் பாரிசில் ஓர் ஆங்கில மது வணிகர் அதைத்தான் செய்தார். பிரெஞ்சு நடுவர் ஒன்பது பேர். புட்டியின் பெயர் மறைக்கப்பட்டது. சிவப்பு வகையில் மூத்தோன் ரோத்ஷீல்டையும் ஓ பிரியோனையும் பின்தள்ளி முதலிடம் பெற்றது, கலிபோர்னியாவின் மது ஒன்று. வெள்ளை வகையிலும் கலிபோர்னியாவே. முடிவு வெளியானதும் நடுவர் ஒருவர் தாம் மதிப்பெண் இட்ட தாளைத் திருப்பித் தருமாறு கேட்டாராம்! சுவைத்த நாக்கு தம்முடையது; எழுதிய கை தம்முடையது; ஆயினும் தம் தீர்ப்பைத் தாமே நம்ப மறுத்தார். சீட்டின் மேலிருந்த நம்பிக்கை அவ்வளவு வலிது.

சீட்டின் வலிமைக்கு மற்றொரு காட்சி. 1989இல் நியூயார்க்கில் மது வணிகர் ஒருவர், 1787ஆம் ஆண்டின் மார்கோ, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த செபர்சனின் உடைமை என்று சொல்லப்பட்ட புட்டி ஒன்றை விருந்துக்குக் கொண்டு சென்றார். விலை ஏறத்தாழ ஐந்து இலட்சம் டாலர் என்றார். ஒரு மேசையின் விளிம்பிலே இடித்துக்கொண்டார். புட்டி உடைந்தது, கரிய நீர் கம்பளத்திலே வழிந்தது, காப்பீட்டு நிறுவனம் 2,25,000 டாலர் கொடுத்தது. பின்னாளில் அதே தொகுப்பைச் சேர்ந்த வேறு புட்டிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் செதுக்கியிருந்த செபர்சனின் பெயரெழுத்துகள் இக்காலத்து மின்கருவியால் செதுக்கியவை என்று முடிவு கூறினர். 2006இல் வழக்கும் மூண்டது. கம்பளத்தில் வழிந்தது எந்த ஆண்டின் மது? எவர் அறிவார்!

குலத்தின் தூய்மையையும் சற்றுப் பார்த்துவிடுவோம். மார்கோவின் முதன்மையான திராட்சை காபெர்னே சோவினியோன். திராட்சைக் குலத்தின் பேரரசு என்று அதைக் கொண்டாடுவார்கள். 1997இல் கலிபோர்னிய அறிவியலார் அதன் மரபணுவை ஆராய்ந்தனர். தந்தையும் தாயும் யார்? காபெர்னே பிரான் என்னும் கருந்திராட்சையும், சோவினியோன் பிளான் என்னும் வெள்ளைத் திராட்சையும்! எவரும் திட்டமிடாமல் தோட்டத்திலே நேர்ந்த கலப்பு மணம். அதன் பிள்ளை உலகாள்கிறது. வேரைப் பார்த்தாலோ அதுவும் அயல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா என்னும் சின்னஞ்சிறு பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சின் கொடிகளை வேரோடு தின்றது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் உயிர் மீட்டார்கள். உயர்குலப் பிரெஞ்சுத் தோட்டங்கள் அன்றிலிருந்து அயல்நாட்டு வேரின் மேல் நிற்கின்றன. தூய்மை பேசுவோரெல்லாம் வேரைத் தோண்டிப் பார்க்க ஏன் அஞ்சுகிறார்கள் என்பது விளங்குகிறதல்லவா?

நம் ஊர்ப் பனையையும் நினைத்தேன். பொன்னேரி வட்டாரத்தின் பனை தரும் கள்ளுக்கு 1987இல் தமிழ்நாட்டில் தடை வந்தது. அயல்நாட்டுத் திராட்சை மதுவுக்குக் குளிரூட்டிய அறையும் கண்ணாடிப் பேழையும் வாய்த்தன. இரண்டுமே வேண்டாம் என்பவன் நான். ஆனால் ஒன்றைக் குடிப்பவன் குடிகாரன், மற்றொன்றைக் குடிப்பவன் சுவைஞன் என்று பெயர் சூட்டும் அகராதியை அச்சிட்டவர் யார் என்று மட்டும் கேட்கிறேன்.

இவ்வளவும் அடுத்த வாரம் அதே மேடையில் தம்பியிடம் சொன்னேன். நாமும் பெயரில் மயங்குவோர்தான் என்றும் சொன்னேன். மீஞ்சூருக்கு 'வட காஞ்சி' என்றொரு பெயர் உண்டு; காஞ்சியைப் போல இங்கும் ஓர் ஏகாம்பரநாதர், ஒரு வரதராசர். தன் பெயரில் நிற்பது போதாதென்று மற்றோர் ஊரின் சீட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது நம் ஊர்! அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, நான் எதிர்பாராத இடத்தில் பிடித்தான்.

"எல்லாம் சரி அண்ணா. ஆனால், மண் மெய்தானே? மார்கோவின் மண்ணில் விளைவது மற்றோர் இடத்தில் விளையாது என்பது பொய்யா? மண்ணுக்கு மண் குணம் மாறும் என்று ஒப்பினால், மனிதனுக்கும் பிறப்பால் குணம் மாறும் என்று ஒருவன் சொன்னால் என்ன விடை?"

கூரிய கேள்வி. மேடைகளில் நம்மைக் கைதட்டிப் புகழ்வோர் இதைக் கேட்பதில்லை. மண் மெய்தான். மார்கோவின் மண் சரளைக் கல் நிறைந்தது. நீர் தேங்காது, கொடியின் வேர் நீரைத் தேடி ஆழ இறங்கும். ஆயினும் அந்த மண் தானாக அமைந்ததா? மெதோக்கின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்பு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்துப் பொறியாளரை அழைத்து நீரை வடித்தார்கள். பிறகுதான் தோட்டங்கள் பெருகின. 1977க்குப் பின் மளிகைக்காரர் மறுபடியும் வடிகால் வெட்ட வேண்டியிருந்தது என்பதை மறக்காதே. மண்ணின் குணம் என்பதில் பாதி, அந்த மண்ணுக்கு மனிதர் செய்தது.

"நம் மண்ணைப் பார்" என்றேன். கொற்றலை ஆற்றுக்கும் ஆரணியாற்றுக்கும் இடையே நல்ல நீர் சுரந்த நிலம் இது. 1960களின் இறுதியிலிருந்து இங்கே ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. சென்னையின் தாகத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளின் தாகத்துக்கும் நீர் போயிற்று. வயல்களின் எந்திரங்களும் இறைத்தன. நன்னீர் வற்றிய இடத்தில் கடல் நிலத்தடியில் நுழைந்தது. 1980களுக்குள் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1987இல் நிலத்தடி நீரைக் காக்கச் சட்டம் பிறந்தது. அதற்குள் எத்தனையோ கிணறுகள் கரித்துவிட்டன. 2010இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் ஆலை எழுந்தது. ஆலைக்கு மீஞ்சூரின் பெயர்; நீர் மாநகருக்கு! இனி, இந்தக் கிணற்றைச் சுவைத்துப் பார்த்து, மீஞ்சூர் மண்ணின் பிறவிக் குணம் உப்பு என்று ஒருவன் எழுதினால் அவனை அறிஞன் என்போமா? சுவை மெய், காரணம் பொய். உறிஞ்சியவரின் பெயர் அதில் இல்லை.

ஆகவே தம்பி, சீட்டை மறைப்பது வேண்டும், ஆனால் போதாது. சீட்டை மறைத்தால் சுவைப்பவனின் அநீதி ஒழியும். நீரை எடுத்தவனின் அநீதி ஒழியாது. பல தலைமுறை நீர் இறைக்கப்பட்ட நிலத்தையும் பல தலைமுறை வடிகால் வெட்டப்பட்ட நிலத்தையும் ஒரே கோப்பையில் ஊற்றி, பெயர் மறைத்துச் சுவைத்துவிட்டேன், இதுவே தகுதி, இதுவே திறமை என்று சொல்வது, பாதி நீதி. 1921இல் வகுப்புவாரி ஆணை வந்தபோதும், 1951இல் அதைக் காக்க நாட்டின் அரசியல் சட்டமே திருத்தப்பட்டபோதும், பேசப்பட்டது இந்த மறுபாதியைப் பற்றித்தான். பிறப்பில் குணம் உண்டு என்பதை நாம் அங்கே ஒப்புக்கொள்ளவில்லை. நிலத்துக்குச் செய்ததற்குக் கணக்கு உண்டு என்றோம்.

ஒன்றை நான் மறைக்கவில்லை. கணக்கை எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது தீர்ந்ததென்று எழுதுவது, யார் எழுதுவது என்பவை எளிய கேள்விகளல்ல. போர்தோவின் மறுகரையில் சாந்த் எமிலியோன் என்னும் ஊரில், 1955 முதல் தம் பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி எழுதுகிறார்கள். நல்ல முறை, ஆனால் திருத்தங்கள் வழக்கு மன்றம் வரை சென்றதுண்டு. 2021இல், உச்சியிலிருந்த இரு பண்ணைகள் மறுதேர்வுக்கு விண்ணப்பிக்காமல் விலகிக்கொண்டன. தேர்வின் அளவுகோல் பிழை என்றன. இருக்கலாம். உச்சியில் இருப்போருக்கு அளவுகோலின் பிழை தெரிவது பெரும்பாலும் மறு அளவையின் போதுதான் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அரசுப் பணி ஒன்றுக்கான எழுத்துத் தேர்வு, வரும் ஞாயிற்றுக்கிழமை. விடைத்தாளில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டுந்தான், திருத்துவோருக்கு அந்த எண்ணும் தெரியாமல் வேறோர் எண் இடுவார்களாம்.

"அங்கே தெரு இல்லை, அண்ணா" என்றான்.

"எழுது" என்றேன்.

"தேறினால் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அங்கே கேட்டால்?"

வண்டி வந்துவிட்டது. கூட்டம் அவனை உள்ளே தள்ளிற்று. கதவருகே கம்பியைப் பிடித்தபடி என் விடைக்காகத் திரும்பி நின்றான்.

"கேட்டால், நீங்கள் எந்தத் தெரு என்று திருப்பிக் கேள், தம்பி" என்று கத்தினேன். இரைச்சலில் அவன் காதில் விழுந்ததோ என்னவோ.